நியூசிலாந்தில் வாடகைக் கார்: ஊரிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிறைஸ்ட்சர்ச்சில் குடியிருப்பதால், நவம்பர் பிறந்தால் என் வாட்ஸ்அப்புக்கு ஓய்வில்லை. இங்கே கோடை தொடங்கும் நேரம்; ஊரில் யாராவது ஒருவர் டிக்கெட் போட்டிருப்பார். "கார் எடுத்து நாமே ஓட்டிக்கலாம்னு இருக்கோம்" என்று ஆரம்பித்து, போன வருடம் இன்னொருவர் கேட்ட அதே சந்தேகத்தைக் கேட்பார். எல்லாவற்றையும் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்துவிட்டேன். டாலர் என்று வரும் இடமெல்லாம் நியூசிலாந்து டாலர்.

நம்ம ஊர் லைசென்ஸ் செல்லுமா, இல்ல இன்டர்நேஷனல் பெர்மிட் எடுத்தே ஆகணுமா?

தமிழ்நாட்டு லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவே செல்லும். அது காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும், கார் ஓட்டும் எல்.எம்.வி. பிரிவு அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பைக்குக்கு மட்டும் எடுத்த லைசென்ஸும் எல்.எல்.ஆரும் உதவாது. லைசென்ஸ் ஆங்கிலத்தில் இல்லாதவர்கள்தான் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ இன்டர்நேஷனல் பெர்மிட்டோ கொண்டுவந்தாக வேண்டும்.

அந்தப் பெர்மிட் தனி லைசென்ஸ் இல்லை, உங்கள் லைசென்ஸுக்கு ஒரு மொழிபெயர்ப்பு. அட்டையை வீட்டில் வைத்துவிட்டு அந்தப் புத்தகத்தை மட்டும் கொண்டுவந்தால் பயனில்லை. ஆனாலும் சில வாடகை நிறுவனங்கள் தங்கள் விதிமுறையில் அதையும் கேட்கின்றன. புக் செய்யும்போது அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கேட்டால், ஆர்.டி.ஓ. ஆபீஸில் 1000 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து வாங்கிவிடலாம், ஓராண்டு செல்லும். அப்புறம், போனில் இருக்கும் டிஜிலாக்கர் நகலை நம்பி வராதீர்கள். ஓட்டும்போதெல்லாம் அசல் அட்டை கையில் இருக்க வேண்டும்.

லைசென்ஸ்ல இனிஷியல் போட்டிருக்கு, பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா இருக்கு. தகராறு பண்ணுவாங்களா?

தமிழர்களுக்கே உரிய தலைவலி. லைசென்ஸில் 'கார்த்திக் எஸ்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் சுப்பிரமணியன்', கிரெடிட் கார்டில் 'எஸ் கார்த்திக்'. கவுன்டரில் இருப்பவருக்கு இது மூன்று பேர். புக்கிங்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி செய்யுங்கள். படமும் பிறந்த தேதியும் பொருந்தினால் பெரும்பாலும் ஒரு நிமிட விளக்கத்தோடு முடிந்துவிடும். எஸ் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். எழுத்துக்கூட்டலே வேறாகவோ பிறந்த தேதி தவறாகவோ இருந்தால் மட்டும் கிளம்பும் முன் ஊரிலேயே திருத்திவிடுங்கள்.

டெபிட் கார்டுல டெபாசிட் கட்டிக்கலாமா?

பல இடங்களில் முடியாது. வண்டி எடுக்கும்போது ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள், வண்டி ஒழுங்காகத் திரும்பினால் விடுவிப்பார்கள். அதற்கு ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு கேட்பதுதான் வழக்கம். மனைவி ஓட்டுவார், கார்டு கணவருடையது என்றால் அங்கேயே சிக்கல். ஃபாரெக்ஸ் கார்டும் இந்த வேலைக்குப் பல நேரம் ஆகாது.

விமானம் ஏறும் முன் பேங்க் ஆப்பைத் திறந்து வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். ஓ.டி.பி. வரும் சிம்முக்கு ரோமிங் வேண்டும். இதை மறந்துவிட்டு, கவுன்டர் முன்னால் நின்று நடுராத்திரியில் ஊரில் தம்பியை எழுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

பையனுக்கு 20 வயசு, அவன் ஓட்டலாமா?

சட்டப்படி லைசென்ஸ் இருந்தால் ஓட்டலாம். வாடகைக்குத்தான் கொடுக்க மாட்டார்கள்: பெரும்பாலான நிறுவனங்களில் 21 வயது ஆகியிருக்க வேண்டும், 25க்குள் என்றால் தினசரி கூடுதல் கட்டணம் உண்டு.

கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா?

கேட்காமலே ஆட்டோமேட்டிக்தான் கிடைக்கும். விலை குறைந்த நிறுவனங்களின் வண்டிகள் பல, ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே இறக்குமதியானவை. சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். பயப்பட வேண்டாம், அந்த ஊர் டோல் அட்டை செருகப்படவில்லை என்று புகார் சொல்கிறாள். திரையும் ஜப்பானிய மொழியில் இருந்தால் போனை மாட்ட ஒரு ஸ்டாண்டு கொண்டுவாருங்கள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 150 டாலர் அபராதம்.

அங்கயும் இடது பக்கம்தானே, நம்ம ஊர் மாதிரியே ஓட்டிக்கலாம்ல?

இதைக் கேட்காதவர் இல்லை. அமெரிக்காவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருகிறவர்கள் பக்கம் மாறுவதால் முதல் இரண்டு நாள் பயந்து பயந்து ஓட்டுவார்கள். நமக்கு அந்தப் பயம் இல்லை, என் கவலையே அதுதான். ஸ்டியரிங் வலது பக்கம், ரோடு காலி, கை தன்பாட்டுக்கு ஊர்ப் பழக்கத்தில் இறங்கிவிடும். ரவுண்டானாவில் 'யார் முதலில் மூக்கை நுழைத்தாரோ அவருக்கு வழி' என்பது இங்கே இல்லை. உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட்டே ஆக வேண்டும். வரிக்கோட்டுக் கடப்பில் (ஜீப்ரா கிராசிங்) ஆள் காலெடுத்து வைத்தால் வண்டி நிற்க வேண்டும். வேகத்தைக் குறைத்து வளைத்துப் போவது கணக்கில் வராது.

ஹெட்லைட் விஷயம் இன்னும் நுட்பம். ஊரில் லைட்டை அடித்தால் 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். இங்கே பெரும்பாலும் 'நீங்கள் போங்கள்' என்று பொருள். குறுகிய பாலத்தின் இரண்டு முனையிலும் இரண்டு பேர், ஒருவர் ஊர் அர்த்தத்திலும் இன்னொருவர் இந்த ஊர் அர்த்தத்திலும் லைட் அடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே லைட்டால் பேசுவதை விட்டுவிடுங்கள். ஹாரனும் அப்படித்தான்: இங்கே அது திட்டுவதற்குச் சமம்.

இன்னும் சில பழக்கங்கள். உங்கள் பக்கத்தில் மஞ்சள் கோடு ஓடினால் ஓவர்டேக் கிடையாது, எதிரே ஆளே இல்லாவிட்டாலும். ரோட்டோரம் நிறுத்தும்போது இடது ஓரத்தில், போகும் திசையைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். எதிர்ப்பக்கத்துக் கடை முன்னால் அப்படியே குறுக்கே புகுந்து நிறுத்தினால் அபராதம். பள்ளிப் பேருந்து பிள்ளைகளை ஏற்றவோ இறக்கவோ நின்றால், நீங்கள் எந்தத் திசையில் போனாலும் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அதைக் கடக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி இங்கேயே இருப்பவர்களில் பலருக்கு மறந்துவிடுகிறது.

ஸ்பீடு லிமிட் நூறுன்னா நூறுல போகணுமா?

வேண்டாம். ஊருக்கு வெளியே பொதுவாக 100, ஊருக்குள் 50 என்பது உச்சவரம்பு. தெற்குத் தீவின் மலை ரோடுகளில் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் மஞ்சள் பலகையில் 35, 45 என்று ஒரு எண் இருக்கும். அதை மதித்து ஓட்டுங்கள், சும்மா எழுதி வைத்ததல்ல.

ஆனால் 60இல் உருட்டிக்கொண்டு பின்னால் பத்து வண்டியைச் சேர்ப்பதும் இங்கே பெருங்குற்றம் மாதிரி. மெதுவாகப் போகிறவர்களுக்கென்று அங்கங்கே இடப்பக்கம் ஒதுங்க இடம் விட்டிருக்கிறார்கள். ஒதுங்கி வழிவிட்டால் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். படம் எடுக்க வண்டியை ரோட்டிலேயே நிறுத்தாதீர்கள். டெகாபோ ஏரியைப் பார்த்ததும் பிரேக் அடிக்கத் தோன்றும், தெரியும். பின்னால் தொண்ணூறில் ஒரு மர லாரி வரும்.

ஒத்தப் பாலம்னு சொல்றாங்களே, அது எப்படி?

ஒரு வண்டி அகலமே உள்ள பாலம், நெடுஞ்சாலையிலேயே வரும். மேற்குக் கரையில் அடிக்கடி வரும். யார் முதலில் போவது என்பதைப் பலகை சொல்லும். வட்டப் பலகை, சிவப்பு விளிம்பு, உங்கள் திசைக்கான அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள் நிற்க வேண்டும். நீலச் சதுரத்தில் உங்கள் அம்பு பெரிதாக வெள்ளையில் இருந்தால் முதல் உரிமை உங்களுக்கு. பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருவது: சிவப்பு அம்பு யாருடையதோ அவர் நிற்பார்.

உரிமை இருந்தாலும் பாலத்தில் ஏற்கெனவே ஒருவர் ஏறியிருந்தால் அவர் இறங்கும்வரை காத்திருங்கள். எதிரே வருகிறவரும் நேற்றுதான் விமானத்தில் இறங்கியவராக இருக்கலாம்.

கூகுள் மேப்புல நாலு மணி நேரம் காட்டுது. ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாமா?

குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டுக்குத்தான் எப்போதும் இந்தக் கேள்வி. ஒரு பக்கம் சுமார் 290 கிலோமீட்டர், வந்த வழியேதான் திரும்ப வேண்டும். மேப் காட்டும் நேரம் எங்கும் நிற்காத ஒருவருக்கானது. படகுப் பயணத்தையும் சேர்த்தால் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஓட்டுகிறவர் ஒருவர்தான் என்றால் வழியில் வரும் டெ அனா என்ற ஊரில் ஒரு ராத்திரி தங்குங்கள், அல்லது அந்த ஒரு நாளுக்குப் பேருந்தில் போங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

விமானம் இறங்கிய நாளும் அப்படித்தான். இங்கே கோடையில் இந்தியாவைவிட ஏழரை மணி நேரம் முன்னால். நீங்கள் காலை ஒன்பதுக்கு வண்டி எடுக்கும்போது உடம்புக்கு நடுராத்திரி ஒன்றரை. அன்று தூங்குங்கள், வண்டியை மறுநாள் எடுங்கள். ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

பெட்ரோல் நாமளே போட்டுக்கணுமாமே? டீசல் வண்டி சீப்பா?

ஆமாம், பம்பில் ஆள் இருப்பது அரிது. சாதாரண காருக்கு 91 என்று எழுதியிருப்பதைப் போடுங்கள். மூடியின் உள்பக்கத்தில் எது என்று எழுதியிருக்கும், ஒரு முறை பார்த்துவிடுங்கள். டீசல் லிட்டர் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெட்ரோல் விலையிலேயே சாலை வரி அடங்கிவிடுகிறது. டீசல் வண்டிக்கு அந்த வரி தனியாகக் கிலோமீட்டர் கணக்கில். பல நிறுவனங்கள் அதை வண்டி திரும்பும்போது உங்களிடம் வசூலிக்கும். கேம்பர்வேன் (உள்ளேயே படுத்துத் தூங்கும் வண்டி) எடுக்கிறவர்கள் குறிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெ அனாவில் டேங்கை நிரப்பாமல் மில்ஃபோர்டு பக்கம் போகாதீர்கள், நடுவில் சுமார் 120 கிலோமீட்டருக்குப் பம்ப் இல்லை. மேற்குக் கரையில் ஹாஸ்ட் பக்கமும் ஏறக்குறைய இதே கதை. போன் சிக்னலும் இந்த ரோடுகளில் காணாமல் போகும், மேப்பை முன்னாடியே இறக்கி வையுங்கள்.

குழந்தையை மடியில வச்சுக்கலாமா?

கூடாது. ஏழு வயது நிறையும்வரை குழந்தை சீட் கட்டாயம். வாடகை நிறுவனமே தரும், புக்கிங்கிலேயே சேர்த்துக் கேளுங்கள். பின்சீட்டில் பாட்டிக்கும் பெல்ட் உண்டு.

கவுன்டர்ல இன்சூரன்ஸ் எடு எடுன்னு பயமுறுத்துறாங்க. எடுக்கணுமா?

வாடகையிலேயே அடிப்படை இன்சூரன்ஸ் சேர்ந்திருக்கும். அதில் ஒரு 'எக்செஸ்' தொகை உண்டு: சேதம் ஆனால் அந்தத் தொகைவரை நீங்கள் தர வேண்டும், அதற்கு மேல் இன்சூரன்ஸ். இந்த எக்செஸ் சில ஆயிரம் டாலர் இருக்கும். மேலே டெபாசிட் கேள்வியில் சொன்ன நிறுத்திவைப்பு இதற்காகத்தான். கவுன்டரில் விற்பது இந்த எக்செஸைக் குறைக்கும் திட்டம். தினசரி கட்டணம் வாங்குவார்கள், பத்து நாளுக்குக் கணக்குப் போட்டால் கனமாகத்தான் வரும். இதையே பயணக் காப்பீட்டோடு சேர்த்தோ தனியாகவோ குறைந்த விலைக்கு வாங்கலாம். வித்தியாசம் என்னவென்றால், வெளியே வாங்கினால் முதலில் உங்கள் கார்டில் பணம் போகும், பிறகு ரசீது அனுப்பித் திரும்ப வாங்க வேண்டும். ஊர் திரும்பியபின் அந்த அலைச்சல் வேண்டாம் என்கிறவர் கவுன்டரிலேயே எடுக்கட்டும்.

எதை எடுத்தாலும் என்னென்ன விட்டுப்போயிருக்கிறது என்று படியுங்கள். கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பகுதி, கூரை ஆகியவை பெரும்பாலும் வெளியே. நான் இங்கே குடிவந்த புதிதில் அப்பா அம்மாவோடு லிண்டிஸ் கணவாயில் போனபோது முன்னால் போன லாரியிலிருந்து ஒரு ஜல்லி தெறித்தது. கண்ணாடியில் பொட்டுக்கடலை அளவுக்கு ஒரு வெட்டு. "இவ்வளவுதானே" என்று அம்மா சொன்னாள். மறுநாள் காலைப் பனியில் ஹீட்டரைப் போட்டதும் அது கோடாக நீண்டு ஓட்டுநர் பக்கம்வரை வந்துவிட்டது. முழுக் கண்ணாடியும் என் செலவு, என் திட்டத்தில் கண்ணாடி இல்லை. சின்ன வெட்டு என்றால் அன்றே நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள், பிசின் வைத்து அடைத்துவிடுவார்கள்.

மில்ஃபோர்டு போகும் வழியில் ஹோமர் சுரங்கப்பாதை முன்னால் சிக்னலுக்கு நிற்கும்போது கியா என்ற மலைக்கிளி வந்து உட்காரும். அழகுதான். அது கதவு ரப்பரையும் வைப்பர் ரப்பரையும் உரித்துத் தின்னப் பார்க்கும். அந்தச் சேதத்துக்கும் கணக்கு உங்கள் பேரில்தான். தீனி போட்டு அழைக்காதீர்கள்.

ரோடு இருக்கிற இடமெல்லாம் போகலாம்ல?

போகலாம், ஆனால் இன்சூரன்ஸ் உங்களோடு வராது. குவீன்ஸ்டவுன் அருகே ஸ்கிப்பர்ஸ் கேன்யன் ரோடு, வடக்குத் தீவின் உச்சியில் 90 மைல் கடற்கரை, மவுண்ட் குக் பக்கம் பால் ஹட் ரோடு ஆகியவை பெரும்பாலான ஒப்பந்தங்களில் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டவை. கடற்கரை மணலில் வீடியோவுக்காக இறக்கிவிட்டு அலையில் வண்டியை விட்டவர்கள் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் தடைப்பட்டியல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில வந்தா பனியில ஓட்ட முடியுமா?

ஜூன் முதல் ஆகஸ்ட்வரை இங்கே குளிர்காலம். மில்ஃபோர்டு ரோட்டில் பலகை சொன்னால் டயர் சங்கிலி வண்டியில் இருந்தே ஆக வேண்டும், மாட்டவும் தெரிந்திருக்க வேண்டும். வாடகைக்குத் தரும் ஆளையே ஒரு முறை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிழல் விழும் வளைவுகளில் ரோடு ஈரமாக இருப்பது போலத் தெரியும், அது கண்ணாடி மாதிரி உறைந்த பனி. பனியில் ஓட்டியே பழக்கமில்லை என்றால் அந்த மாதங்களில் மலைப்பக்கம் பேருந்துதான் என் சிபாரிசு.

ஒரு தீவுல எடுத்த வண்டியைக் கப்பல்ல ஏத்தி இன்னொரு தீவுக்குக் கொண்டுபோலாமா?

வெலிங்டன்–பிக்டன் கப்பல் சுமார் மூன்றரை மணி நேரம், கார் ஏற்றலாம். ஆனால் சில நிறுவனங்கள் வண்டியைத் தீவு தாண்ட விடாது. வெலிங்டனில் விட்டுவிட்டு, பிக்டனில் இறங்கி வேறு வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் காருக்கான கப்பல் கட்டணம் மிச்சமாகிறது.

வெலிங்டனில் அரை நாள் கிடைத்தால் டெ பாப்பா அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். அவர்களின் சேகரிப்பில் ஒரு வெண்கல மணி இருக்கிறது, அதில் பொறித்திருப்பது தமிழ்: முகைதீன் பக்ஸின் கப்பல் மணி என்று. 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து வாங்கினார். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டோல்கேட்டே கண்ணுல படலை. இலவசமா?

தெற்குத் தீவில் டோல் கிடையாது. வடக்குத் தீவில் ஆக்லாந்துக்கு வடக்கே ஒன்று, டவுரங்கா பக்கம் இரண்டு. கேட் இல்லை, கேமரா நம்பர் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளும். ஐந்து நாளுக்குள் ஆன்லைனில் கட்டிவிடுங்கள். விட்டால் நிறுவனம் கட்டிவிட்டு, சில டாலர் டோலுக்கு அதைவிடப் பெரிய 'நிர்வாகக் கட்டணம்' சேர்த்து உங்கள் கார்டில் எடுக்கும்.

போலீஸ் பிடிச்சா ஏதாவது கொடுத்துச் சரி பண்ணிக்கலாமா? ஃபைன் கட்டாம ஊருக்கு வந்துட்டா?

முதல் பாதியை நினைக்கவும் வேண்டாம், அது தனிக் குற்றமாகிவிடும். நிறுத்தச் சொன்னால் இடது ஓரம் நிறுத்தி வண்டிக்குள்ளேயே இருங்கள், அவரே வருவார். எந்தச் சந்தேகமும் இல்லாமலே குடித்திருக்கிறீர்களா என்று ஊதச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. வரம்பைவிட 40 கிலோமீட்டருக்கு மேல் போய்ப் பிடிபட்டால் அங்கேயே 28 நாளுக்கு ஓட்டும் உரிமை போய்விடும். உங்கள் பயணத்தில் மிச்சமிருப்பது ஒரு வாரம்தான், மனைவிக்கு லைசென்ஸ் இல்லை என்றால் நடுவழியில் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள்.

கேமரா அபராதம் வீட்டுக்கு வருமுன் நீங்கள் ஊர் போயிருப்பீர்கள். ஆனால் வண்டியை எடுத்தவர் நீங்கள் என்று நிறுவனம் சொல்லும், டோல் கேள்வியில் சொன்ன அதே நிர்வாகக் கட்டணம் இதிலும் உண்டு.

இடிச்சுட்டா என்ன பண்ணணும்? ஆஸ்பத்திரி செலவு யார் தருவாங்க?

யாருக்காவது அடிபட்டால் 111. போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே எண். அடிபட்ட விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லியிருக்க வேண்டும். எதிராளியின் பெயர், லைசென்ஸ், வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். கூட்டம் கூடிப் பஞ்சாயத்து நடக்காது, கையில் காசு கொடுத்து முடிப்பதும் வேண்டாம்.

செலவு விஷயத்தில் இந்த ஊர் வித்தியாசமானது. ஏ.சி.சி. என்ற அரசு அமைப்பு, விபத்தில் காயம்பட்ட யாருக்கும், சுற்றுலாப் பயணிக்கும்கூட, தவறு யாருடையது என்று பாராமல் இங்கே ஆகும் சிகிச்சைச் செலவில் பங்கு தருகிறது. அதற்குப் பதிலாகக் காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. காய்ச்சல், மாரடைப்பு போன்ற நோய்களுக்கு இது கிடையாது, ஊர் திரும்பிய பிறகு ஆகும் செலவுக்கும் கிடையாது. ஆகவே பயணக் காப்பீட்டைக் கைவிடாதீர்கள்.

மச்சான் அங்கயேதான் இருக்கான். அவன் காரை வாங்கி ஓட்டிக்கிட்டா வாடகை மிச்சம்தானே?

இதுதான் எல்லாவற்றிலும் சிக்கலானது, ஏனென்றால் பாசத்தில் யாரும் பேப்பரைப் பார்ப்பதில்லை. ஊரில் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். இங்கே அது கட்டாயமே இல்லை. ஆட்களுக்குப் படும் காயத்தை மேலே சொன்ன ஏ.சி.சி. பார்த்துக்கொள்வதால் அப்படி விட்டிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் இடித்த வண்டியின் சேதம்? மச்சானிடம் இன்சூரன்ஸ் இல்லை என்றால் முழுவதும் உங்கள் தலையில். இருந்தாலும், 'வெளிநாட்டு லைசென்ஸ் உள்ளவர் ஓட்டினால் கூடுதல் எக்செஸ்' என்றோ 'பெயர் உள்ளவர்கள் மட்டும்' என்றோ போட்டிருக்கலாம். சாவி வாங்கும் முன் அவரையே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

வாடகை வண்டியிலும் இதே விதி. ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் மட்டும் இருக்க, களைப்பாக இருக்கிறது என்று தம்பியிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்து அவர் இடித்தால், நீங்கள் வாங்கிய எந்தத் திட்டமும் செல்லாது. இரண்டாவது ஓட்டுநரைக் கவுன்டரிலேயே சேர்த்துவிடுங்கள்.

காலைல அஞ்சு மணி ஃப்ளைட். ஆபீஸ் பூட்டியிருந்தா வண்டியை எப்படி ஒப்படைக்கிறது?

சாவி போடும் பெட்டி ஒன்று சுவரில் இருக்கும். எடுக்கும்போது வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்திருப்பீர்கள், எடுத்திருக்க வேண்டும். விடும்போதும் அதேபோல் நான்கு பக்கமும், கிலோமீட்டர் எண்ணும் பெட்ரோல் முள்ளும் தெரிய எடுங்கள். கடைசியாகப் பெட்ரோல் போட்ட ரசீதையும் வைத்திருங்கள். ஆள் பார்க்காமல் விட்ட வண்டியில் நாலு நாள் கழித்து ஒரு கீறல் முளைப்பதுண்டு. அப்போது உங்களுக்குச் சாட்சி அந்த வீடியோதான்.

சாவியைப் போடும் முன் டிக்கியையும் முன்சீட்டு அறையையும் ஒரு முறை திறந்து பாருங்கள். போன ஜனவரியில் சித்தி தன் சர்க்கரை மாத்திரைப் பையை உள்ளே வைத்துவிட்டார். ஞாபகம் வந்தபோது சித்தப்பா சாவியைப் பெட்டிக்குள் நழுவவிட்டு அரை நிமிடம்தான் ஆகியிருந்தது. ஆபீஸ் திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.